நெல்லிவரையின் சம உயரக் கோடுகள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் நெல்லிவரை அமலோற்பவம் மதினி. என் மூத்தவளுக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம், தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில், கோவில் வாசல் வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னார். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. ஜாகிரபி சம்பந்தப்பட்ட இடங்களில் நான் ஏதாவது முன்னே பின்னே சொல்லியிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். மற்றதெல்லாம் மதினி வாய்ச்சொல்தான்.

நெல்லிவரை, வத்தலக்குண்டுக்கு மேற்கே மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர். நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவில் வீடுகளும் மாதா கோவிலும். அந்தப் பக்கச் சரிவில், மூங்கில் காட்டுக்குள்ளே, எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று. ஆண்டவர் ஊரை ஒரு கையிலும் தண்ணீரை மறு கையிலும் வைத்துக்கொண்டு நடுவிலே பெண்களை நடக்கவிட்டார் என்று மதினி சொல்வார். வெறுங்குடத்தோடு ஓடைக்கு இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, நிறைகுடத்தோடு ஓடைக்கு இறங்கி, இந்தப் பக்கம் ஏறி, இப்படியே அந்த ஊர்ப் பெண்கள் சமைந்தார்கள், வாழ்க்கைப்பட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், முட்டி தேய்ந்தார்கள்.

மதினியின் மகன் பிரிட்டோவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் பெண் எடுத்திருந்தார்கள். பெயர் ஜெசிந்தா. வாசலிலேயே குழாய் இருக்கிற வீட்டில் பிறந்த பிள்ளை, ஆனாலும் முகம் சுளிக்காமல் குடம் தூக்கினாள். ஏழாம் மாசத்தில் ஓடைக்கரை ஏற்றத்தில் கால் வழுக்கி விழுந்தாள். மாதா புண்ணியத்தில் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுடைய அப்பா பெரியநாயகம் வேன் பிடித்து வந்துவிட்டார்.

"எம் பொண்ணு பொதி சுமக்கப் பொறக்கல சம்பந்தி. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, உங்க ஊரு மேலதான். வாசல்ல தண்ணி வர்ற அன்னிக்குச் சொல்லி விடுங்க, நானே கொண்டாந்து விடுறேன்."

பேரன் அங்கேயே பிறந்தான். ஞானஸ்நானமும் அங்கேயே. குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், பிடித்து நின்றதும் எல்லாம் அந்த வீட்டுத் தரையில்தான். பிரிட்டோ வாரக்கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போனில் எடுத்த படத்தைக் காட்டுவான். படத்தைத் தொட்டால் கண்ணாடிதான் கையில் படுகிறது என்பார் மதினி.

அந்த வருஷம்தான் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து ஜாகிரபி படிக்கிற பிள்ளைகள் வேன் நிறைய வந்து இறங்கி, கோவில் மண்டபத்தில் தங்கினார்கள். ஜாகிரபி என்றால் எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று மனப்பாடம் பண்ணுகிற படிப்பு என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அப்படி இல்லை. ஒரு கூட்டம் மண்ணைத் தோண்டி நிறம் பார்த்தது, ஒரு கூட்டம் ஓடைக் கல்லைப் புரட்டி அது எந்த மலையிலிருந்து உருண்டு வந்தது என்று பேசியது, ஒரு கூட்டம் கோவில் மாடியில் தகரக் குவளை வைத்து மழைக்குக் காத்திருந்தது, ஒரு கூட்டம் எந்தச் சரிவில் காப்பி, எந்தச் சரிவில் அவரை என்று தாளில் வண்ணம் பூசியது. இன்னொரு கூட்டம் மூன்று கால் ஸ்டாண்டில் தூரக்கண்ணாடியை வைத்து, எதிரே சிவப்பும் வெள்ளையுமாய் வரி போட்ட உயரமான கம்பை ஒருத்தி பிடித்து நிற்க, ஊரெங்கும் மேடு பள்ளம் அளந்துகொண்டே போனது.

வீடு வீடாகக் கேள்வி கேட்கிற கூட்டமும் ஒன்று இருந்தது. ஷகிலா பானு என்ற பிள்ளை மதினி வீட்டுக்கு வந்தது.

"இந்த வீட்டிலேர்ந்து யாராச்சும் வெளியூர் போயிருக்காங்களாம்மா?"

"மருமக போயிருக்கா, பேரனும் அவகூடத்தான்."

"வேலைக்கா, படிப்புக்கா?"

"தண்ணிக்கு."

பிள்ளை தாளை மேலும் கீழும் பார்த்தது. "தண்ணிக்குன்னு கட்டம் இல்லையேம்மா. 'இதர'ன்னு போட்டுக்கிறேன்."

"எம் பேரன் உனக்கு இதரவாடி?" என்று மதினி கேட்க, அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கீற்றுப் பாயில் உட்கார்ந்து, கட்டத்தில் அடங்காததையெல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டது. ஒரு மனுஷர் ஏன் ஓர் இடத்தில் இருக்கிறார், ஏன் இன்னோர் இடத்துக்குப் போகிறார் என்பதும் ஜாகிரபிதான் அம்மா, என்று சொல்லிவிட்டுப் போனது.

கடைசி நாள் சாயங்காலம் மண்டபத்தில் பெரிய தாளை விரித்து, அளந்ததையெல்லாம் பழுப்பு மையால் கோடு கோடாக வரைந்தார்கள். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்து ஓடுகிற கோடு, சம உயரக் கோடு என்று அதற்குப் பெயர். வரைந்து முடித்துத் தாளைச் சுருட்டிக் கொண்டு வேன் ஏறிப் போனார்கள்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போன பெண்கள், தரையில் அந்தக் கோடுகள் கிடப்பதைப் பார்த்தார்கள்.

வெல்லப்பாகு நிறத்தில், ஒரு விரல் அகலத்தில், மலையைச் சுற்றிச் சுற்றிக் கோடுகள். முதலில் எறும்புச் சாரை என்று நினைத்து மதினி விளக்குமாற்றால் தட்டினார், போகவில்லை. பக்கத்து வீட்டுத் தெரசம்மா சாணம் போட்டு மெழுகினார், மெழுக்குக்கு மேலே வந்து கிடந்தது. கோடு பாறையில் ஏறி இறங்காமல் நேரே போனது, சுவர் வந்தால் சுவரில் அதே மட்டத்தில் போனது, அடுப்படிக்குள் நுழைந்து அம்மிக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொல்லை வழியாக வெளியே போனது. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர் குனிந்து பார்த்தார், தீர்த்தம் தெளித்தார், கோடு கழுவிவிட்டது போலப் பளிச்சென்று ஆனது. "யாருக்கும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று பூசையை ஆரம்பித்தார்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது. கொஞ்ச நாளில் கோடு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதே மறந்துபோனது. மாவு அரைத்துக் கோட்டின் மேல் பாத்திரத்தை வைத்தால் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வழிவதில்லை என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே கோட்டில் குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் 'நம்ம கோட்டுக்காரவுக' என்று சொல்லிக்கொண்டு, குழம்பு கொடுத்து வாங்கினார்கள். என் வீடுதான் உசரம் என்று பாகப்பிரிவினை நாளிலிருந்து முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும், ஒரே கோடு இரண்டு பேர் அடுப்படியிலும் போவதைப் பார்த்து, வெட்கப்பட்டுப் பேச ஆரம்பித்தார்கள். பெண்கள் சண்டையில் புதுசாக ஒரு வசவு வந்தது.

"நீ எனக்கு ரெண்டு கோடு கீழடி, வாய மூடு!"

"மேல இருந்து என்னத்தக் கண்ட? ஒன் வீட்டு அரிசி கழுவுன தண்ணியில எந் தோட்டம் வெளையுது. நல்லா இரு ஆத்தா!"

இழுப்பு நோய்க்காரர் இன்னாசி தாத்தா, நடுவில் பள்ளம் இறங்கிக் கோவிலுக்கு ஏற முடியாமல் வருஷக்கணக்காக வீட்டிலேயே செபம் சொன்னவர். அவர் வாசலிலே இருந்து புறப்படுகிற கோடு, மலையை வளைத்துச் சுற்றி, கோவிலின் பக்கவாசல் வழியே போனது. கோட்டை விடாமல் நடந்தால் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. சுற்றுத்தான், பூசைக்கு விடிந்ததுமே புறப்பட வேண்டும், ஆனால் மூச்சு வாங்காது. அவர் பக்கவாசலில் வந்து நின்ற அன்று சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "வாங்க, வாங்க" என்றார். அந்த வருஷம் மாதா சப்பரத்தையும் கோட்டு வழியே தூக்கிக்கொண்டு போனார்கள். சப்பரம் ஒரு பக்கமும் சாயவில்லை, முன்னால் தூக்குகிறவன் பின்னால் தூக்குகிறவனைத் திட்டவில்லை, ஒரு மெழுகுவர்த்திகூட அணையவில்லை.

இப்படி ஊரே கோட்டோடு பழகிப்போன பிறகுதான், ஊற்றங்கரையில் குடம் வைக்கிற கல்லின் மேலும் ஒரு கோடு போவதை மதினி பார்த்தார். தினமும் பார்த்ததுதான். அன்றைக்கு என்னவோ, இது எங்கே போகிறது என்று தோன்றியது. குடத்தைக் கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு, அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே கோட்டின் பின்னால் நடந்தார். கோடு மூங்கில் காட்டுக்குள் போனது, ஓடை பிறக்கிற இடம்வரை மலையின் மடிப்புக்குள் நுழைந்து, அங்கே ஓடையைத் தாண்டி, திரும்பி, இந்தப் பக்கச் சரிவுக்கு வந்தது. வந்து, ஊருக்குள் இறங்கவில்லை. ஊருக்கு மேலேயே போனது. கோவிலுக்குப் பின்னால் மேட்டில் நிற்கிற பலாமரத்தின் அடித்தூரில் ஒரு சுற்றுச் சுற்றி அப்பால் போனது. அங்கே நின்று மதினி குனிந்து பார்த்தார். கீழே கோவில் கோபுரத்துச் சிலுவை தெரிந்தது. அதற்கும் கீழே தன் வீட்டு ஓடு, தெரசம்மா வீட்டு ஓடு, ஊரின் எல்லா ஓடும்.

ஓர் அடி ஏறவில்லை, ஓர் அடி இறங்கவில்லை. ஆக, இந்தப் பலாமரத்து அடித்தூரும் அந்த ஊற்றும் ஒரே உயரம். ஊரோ இரண்டுக்கும் கீழே. மதினி அந்த அடித்தூரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து வந்து ஊருக்குச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

"மதினிக்கு மருமகள நினைச்சு நினைச்சு மண்ட கொழம்பிருச்சு" என்றார் லூர்துசாமி கொத்தனார். அந்த ஊரின் பாதி வீடுகள் அவர் கட்டினவை, வாயும் அதற்குத் தக்கபடி பெரிசு. "ஊத்து மேலயாம், ஊரு கீழயாம். அப்ப நம்ம பொம்பளைங்க இத்தன காலமும் ஏறுனது என்ன, இறக்கமா?"

"எம் முட்டியக் கேளு, சொல்லும்" என்றார் தெரசம்மா. "நெறகுடத்தோட ஏறி ஏறித்தான முட்டி இப்பிடி ஆச்சு? ஊருதான் மேல."

எல்லாப் பெண்களும் தங்கள் தங்கள் முட்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இத்தனை முட்டிகள் பொய் சொல்லுமா?

மதினி யோசித்து யோசித்துப் பேசினார். "தெரசம்மா, போகும்போது அந்தப் பக்கம் ஏறுறியே, அது எவ்வளவு ஏத்தம்?"

"அதென்ன, வெறுங்குடந்தான. பேசிக்கிட்டே ஏறிருவோம்."

"வரும்போது அந்தப் பக்கம் இறங்குற இறக்கம்?"

"அது இறக்கந்தான. யாரு கவனிச்சா?"

"அதான்டி. வெறுங்குடத்தோட ஏறுன பெரிய ஏத்தத்த நாம மறந்துட்டோம். நெறகுடத்தோட ஏறுன சின்ன ஏத்தத்த மட்டும் முட்டி ஞாபகம் வச்சிருக்கு. முட்டி பொய் சொல்லல. பாதியத்தான் சொல்லுது."

எல்லோருக்கும் அப்போது ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. பல வருஷத்துக்கு முன்னே தண்ணீர் வசதிக்காக ஓர் அதிகாரி ஓடைவரைக்கும் வந்து, மூங்கில் மறைத்ததால் மேல் கீழ் தெரியாமல், "ஊத்து உசரமா, ஊரு உசரமா?" என்று நல்ல மனசோடுதான் கேட்டார். ஊரே ஒரே குரலில் "ஊருதாங்கய்யா உசரம்" என்றது. அப்படியானால் மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்டு வேண்டும், காட்டுக்குள் கம்பம் நட உத்தரவு இல்லை என்று அந்தப் பேச்சு அன்றோடு முடிந்துபோனது. யாரும் தடுக்கவில்லை. அவர்களே சொல்லி அவர்களே தடுத்துக்கொண்டது.

"சரி, உசரமாவே இருக்கட்டும்" என்று கொத்தனார் விடவில்லை. "தண்ணி ஓடைக்கு இறங்கிரும். மறுபடி இந்தப் பக்கம் எப்பிடி ஏறும்? தண்ணிக்குக் காலு இருக்கா?"

பதில் சொன்னது இன்னாசி தாத்தா. மெதுவாக, மூச்சு பார்த்துப் பார்த்துக் கேட்டார்:

"லூர்து, நீ செவரு வைக்கையில மட்டம் பாக்க டியூப்புல தண்ணி ஊத்துவியே... ரெண்டு முனையும் ரெண்டு மூலையில புடிப்பாங்க... நடுவுல டியூப்பு தரையிலதான கெடக்கும்?"

"ஆமா."

"அப்ப அதுக்குள்ள எறங்குன தண்ணி... மறுமுனையில ஏறலையா?"

ஊரே சிரித்தது. கொத்தனாரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அட, செவத்துக்குப் பாத்தத ஊருக்குப் பாக்கலியே!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அவரைக்காய் போட்டவர்கள், காப்பி போட்டவர்கள் எல்லோரிடமும் இருந்த கறுப்பு ஓஸ் குழாயை வாங்கிச் சேர்த்து, மூட்டுக்கு மூட்டு ரப்பர் சுற்றிக் கட்டி, ஊற்றிலிருந்து ஓடைக்கு இறக்கி, ஓடையிலிருந்து பலாமரத்தடிக்கு ஏற்றி, அங்கிருந்து ஊருக்கு இறக்கி, கோவில் பக்கத்தில் சிமெண்ட்டுத் தொட்டியும் கட்டினார்கள். மாதா பிறந்தநாளன்று திறப்பதென்று முடிவானது. மதினி, சம்பந்திக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். பொறுத்திருக்கலாம், தண்ணீர் வந்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் நெஞ்சு கேட்கவில்லை.

பெரியநாயகம் வந்தார். தனியாகத்தான் வந்தார். மகளையும் பேரனையும் சாலையில் வேனிலேயே உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார். "தண்ணி வந்தா மேல கூப்பிடுறேன் சம்பந்தி. வரலன்னா இப்பிடியே திரும்பிருவோம். ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல."

ஊற்றில் ஓஸின் வாயைத் தண்ணீருக்குள் முக்கினார்கள். இங்கே தொட்டியில் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஊர் நின்றது. புஸ்ஸென்று காற்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். காற்று நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நேரம் போனது. பூசைக்குக் கட்டின மாலை வாடியது. ஒவ்வொருவராக நிழலுக்குப் போனார்கள். "முட்டி சொன்னதுதான் சரி போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க அண்ணே" என்றார் மதினி. "ஒரு செபமாலை சொல்ற நேரம்."

ஓஸைக் கையால் தடவிக்கொண்டே, மணி உருட்டுவது போல அடி அடியாகப் பின்னோக்கி நடந்தார். சொல்லிக்கொண்டே போனவர் பலாமரத்தடியில் நின்றுவிட்டார். ஆடு கடித்துவிடாமல் இருக்க, யாரோ அக்கறையோடு ஓஸை உயரத் தூக்கிப் பலாமரத்துக் கிளையில் கட்டியிருந்தார்கள். மதினி அடித்தூரைப் பார்த்தார். அங்கே, முழங்கால் உயரத்தில், வெல்லப்பாகு நிறத்தில் கோடு. கிளையைப் பார்த்தார். ஓஸ் தலைக்கு மேலே.

"லூர்து!" என்று அவர் கூப்பிட்ட கூப்பாடு கீழே வேன் வரைக்கும் கேட்டதாம். "கோட்டுக்கு மேல போயிருச்சுடா! தண்ணி அது பொறந்த உசரத்துக்கு மேல எப்பிடிடா ஏறும்? அவுத்துக் கீழ போடுறா!"

கொத்தனார் ஓடி வந்து கட்டை அறுத்தார். ஓஸ் தொப்பென்று கோட்டுக்குக் கீழே விழுந்தது. விழுந்த ஓஸ் ஒரு தரம் உடம்பை முறுக்கியது. பிறகு மதினியின் உள்ளங்கைக்கு அடியில், கருப்பையில் பிள்ளை புரள்வது போல, ஏதோ நகர்ந்து போனது.

தொட்டிப் பக்கம் இருந்து முதலில் தெரசம்மாவின் சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. குலவைச் சத்தம். காற்றைத் துப்பி, ஒரு மூங்கில் சருகைத் துப்பி, கலங்கலைத் துப்பி, அப்புறம் தெளிந்து, ஓடைக்கு இறங்கிப் போன தண்ணீர் காலில்லாமலே ஏறி வந்து தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. தெரசம்மா சேலையோடு அதற்குக் கீழே முட்டியை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மதினியும் இறங்கி வந்து, விழுகிற தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நின்றார்.

பெரியநாயகம் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், முகம் கழுவினார், துண்டை மறந்துபோய் ஈர முகத்தோடே நின்றார். "சரி, கூப்பிடுறேன்" என்று சாலைப் பக்கம் திரும்பினார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஜெசிந்தா அந்தக் கூப்பாட்டைக் கேட்டபோதே வேனை விட்டு இறங்கிவிட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி தூரம் ஏறி வந்திருந்தாள். பிரிட்டோ ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. நேரே மதினியிடம் வந்து, "அத்த, கையெல்லாம் ஈரமா இருக்கு, தொடச்சுட்டுப் பிள்ளையப் பிடிங்க" என்றாள். மதினி துடைக்கவில்லை. ஈரக் கையாலேயே வாங்கினார். பேரன் அழவில்லை. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

இப்போது அங்கே ஓஸுக்குப் பதில் நல்ல குழாய் போட்டு, வீட்டுக்கு வீடு பிரித்துவிட்டிருக்கிறார்கள். கோடுகளும் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தாகத்துக்கு எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் குடியுங்கள், ஆனால் குடித்ததும் குழாயை இறுக்கி மூடிவிட்டு வாருங்கள். கடைசிக் கோட்டு வீடுவரைக்கும் தண்ணீர் போக வேண்டும்.